பிரேக் இல்லாத வண்டியில் மாமா

என் அக்கா வீட்டுக் கூடத்தில் ஒரு படம் மாட்டியிருக்கிறது. நீலக் கடல், வெள்ளைப் படகு, அதன் நீள இருக்கையில் என் அக்கா வீட்டுக்காரர் கண்ணை மூடிப் படுத்திருக்கிறார். பாதத்தின் மேல் ஒரு பச்சைத் துண்டு கிடக்கிறது. மாமா இப்போது இல்லை. அவரைத் தெரிந்தவர்கள் யார் வந்தாலும் அந்தப் படத்தின் முன்னால் ஒரு நிமிஷம் நின்று, "இவரா? தூங்கறாரா? வண்டியிலயா?" என்று கேட்காமல் போனதில்லை.

அவர்கள் கேட்பது நியாயம்தான். வண்டி என்று ஒன்றில் ஏறிவிட்டால் கண்ணை மூடாத மனிதர் அவர்.

அரூரிலிருந்து சித்தேரி மலைக்குப் போகும் பஸ்ஸை வெகுகாலம் ஓட்டியவர். ஒரு பக்கம் பாறை, மறு பக்கம் பள்ளம். சாமை மூட்டையும் கோழியும் கைக்குழந்தையுமாக ஏறும் சனம், பாதி மலை ஏறுவதற்குள் ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து தூங்கிவிடும். மாமா தலைக்கு மேலிருக்கும் கண்ணாடியில் அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவார். வீட்டுக்கு வந்ததும் மற்ற டிரைவர்கள் வசூலைச் சொல்வார்கள். இவர், "இன்னைக்கு மேல போறப்ப கடைசி சீட்டு வரைக்கும் தூக்கந்தான்" என்று அக்காவிடம் சொல்வார். அன்றைக்கு ஒரு கரண்டி குழம்பு அதிகம் கேட்டு வாங்கிச் சாப்பிடுவார்.

"ஏறுனவன் நம்பித் தூங்குனாத்தான் ஓட்டறவன் டிரைவரு. முழிச்சிக்கினே வரான்னா நம்மள சந்தேகப்படறான்னு அர்த்தம்" என்பது அவர் கொள்கை.

"அப்ப நீங்க மட்டும் ஏன் மாமா எவன் வண்டியிலயும் தூங்கறதில்ல?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"ஏன்னா அவனுங்கள நான் சந்தேகப்படறன்" என்றார், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

அக்காவைக் கட்டியவரைக் கேலி பேச எனக்கு உரிமை உண்டு என்பதால் மட்டும் சொல்லவில்லை. அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போவதைவிட ஒரு வெள்ளாட்டை ஏற்றிக்கொண்டு போகலாம். வேனோ காரோ, முன் சீட்டில்தான் உட்காருவார். உட்கார்ந்ததும் வலது கால் வேலையை ஆரம்பித்துவிடும். எதிரே லாரி வந்தால் ஒரு மிதி, நாய் குறுக்கே வந்தால் ஒரு மிதி, வளைவென்றால் பாதி மிதி. அங்கே பிரேக்கும் இல்லை ஒன்றும் இல்லை, வெறும் தகரம். கல்யாணத்துக்கு எடுத்த வேனின் டிரைவர் ஒருவர், "அய்யா, நீங்க மிதிக்கிற மிதியில என் வண்டிக்கு அடியில ஓட்ட வுழுந்துடும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். என் ஸ்கூட்டியில் பின்னால் உட்கார்ந்து இண்டூர் வரைக்கும் வந்தவர், வேகத்தடை வந்த இடமெல்லாம் இரண்டு காலையும் ரோட்டில் ஊன்றினார். ஒரு செருப்பு வழியிலேயே போய்விட்டது. அதற்கும் பழி என்மேல்தான்.

இப்படிப்பட்டவரின் ஸ்டீரிங்கில் அடுத்தவர் கை பட்டால் என்ன ஆகும்? அதற்கு ஒரு கதை உண்டு. எங்கள் வீட்டில் நல்லது கெட்டது எதுவானாலும், பந்தி முடிந்ததும் யாராவது அதை எடுத்துவிடுவார்கள். சித்தேரி போகும் வழியில் ஒரு வளைவில் ஜீப் ஒன்று திடீரென்று எதிரே வந்திருக்கிறது. முன்னால் உட்கார்ந்திருந்த ஒரு கான்ட்ராக்டர் பயந்துபோய், எட்டி ஸ்டீரிங்கைப் பிடித்து இழுத்துவிட்டார். மாமா எப்படியோ வண்டியைப் பாறைப் பக்கமாக ஒடித்து நிறுத்திவிட்டார். டயருக்குக் கல் வைத்தார். இறங்கிப் போய் ஓரச் சுவரில் உட்கார்ந்துகொண்டார்.

"கை வெச்சவரே ஓட்டட்டும்" என்றார்.

பஸ்ஸே இறங்கி வந்து கெஞ்சியது. கான்ட்ராக்டரும் வந்து, தெரியாமல் நடந்துவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்றார்.

"மன்னிப்புலாம் எதுக்குங்க? கடைசி சீட்டுல போயி படுத்துத் தூங்குங்க. அப்பத்தான் வண்டிய எடுப்பன்."

அவ்வளவு பெரிய மனிதர் போய்க் கடைசி சீட்டில் கால் நீட்டிப் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டார். அதன் பிறகுதான் பஸ் நகர்ந்தது.

"நெசமாவா தூங்கினாரு?" என்று கதை கேட்பவர்கள் ஒவ்வொரு முறையும் கேட்பார்கள்.

"எங்க தூங்கினான்? கண்ணாடியில பாத்துக்கினுதான வந்தன், இமை ரெண்டும் துடிச்சிக்கினே இருந்துச்சு. ஆனா மலை ஏறி முடிக்கிற வரைக்கும் கண்ணத் தொறக்கல பாரு, அது போதும்" என்பார் மாமா.

நித்யா அவருடைய ஒரே பெண். நர்சுக்குப் படித்து, மால்டா என்ற தீவில் ஆஸ்பத்திரி வேலைக்குப் போனாள். ஐரோப்பாவுக்குக் கீழே, மத்தியதரைக் கடலில் இருக்கும் சின்ன ஊர் அது. அங்கே படகுப் பட்டறையில் வேலை செய்துகொண்டிருந்த ரீகனைப் பிடித்துப்போய்விட்டது. தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைப் பையன். சாதி வேறு, சாமி வேறு. மாமா கத்தவில்லை, கை நீட்டவில்லை, மருந்தைக் குடிப்பேன் என்று மிரட்டவுமில்லை. அந்த மட்டும் அவருக்குப் பெரிய மனசு. கல்யாணத்துக்கும் வந்தார். கடைசி வரிசை நாற்காலியில் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்துவிட்டு, சாப்பிடாமல் எழுந்து போனார்.

அதிலிருந்து மருமகனிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "அவரு காப்பி குடிப்பாரான்னு கேளு" என்று நித்யாவிடம் சொல்வார். மாப்ள என்று ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. ரீகன் இதற்கெல்லாம் முகம் சுளிக்காமல், "குடிப்பேன் மாமா" என்று நேராகவே பதில் சொல்வான்.

ஒருமுறை லீவில் வந்தபோது, பெங்களூரிலிருந்து எங்கள் ஊர் காரிமங்கலம் வரை ரீகன் கார் ஓட்டிவர, மாமா முன் சீட்டில் உட்கார்ந்து வழியெல்லாம் மிதித்தார். எனக்கு அது பழகிப்போன வேடிக்கை. பின் சீட்டில் என் பக்கத்தில் இருந்த நித்யாவுக்கு அப்படி இல்லை. வீட்டுக்கு வந்ததும் கிணற்றடிக்கு என்னை இழுத்துக்கொண்டு போய் அழுதாள்.

"இவரு ஓட்டற வண்டியில எங்கப்பா ஒரு நாளாவது தூங்கணும் சித்தி. எனக்கு வேற ஒண்ணுமே வேணாம்."

"அதுக்கு உங்கப்பனுக்கு மயக்க ஊசிதான்டி போடணும். நீதான் நர்சாச்சே" என்றேன். சிரித்தாள். ஆனால் அவள் கேட்டது விளையாட்டில்லை என்று எனக்கும் தெரிந்தது. எந்த அப்பனும் வாயால் சொல்லிவிடக்கூடிய ஒன்றை, இந்த அப்பனிடம் தூக்கமாக வாங்க வேண்டியிருந்தது.

மாமா ரிட்டயராகி வீட்டில் உட்கார்ந்திருந்த காலத்தில், ரீகனின் பட்டறை முதலாளி தன் பாய்மரப் படகை ஒரு வாரம் எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். தீவு தீவாகச் சுற்றலாம், அப்பாவும் அம்மாவும் வந்தே ஆகவேண்டும் என்று நித்யா டிக்கெட் போட ஆரம்பித்துவிட்டாள். அக்கா ஒரே பேச்சாக முடித்துவிட்டாள். "மாட்ட யாரு பாக்கறது? சின்னவள கூட்டிக்கினு போங்க." எனக்கு ஆடும் இல்லை, மாடும் இல்லை. காரிமங்கலத்துத் தையல் கடையைப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். விமானத்தில் மாமா தூங்கினாரா என்று கேட்கவேண்டாம். தரையிறங்கும்போது அவர் மிதித்த மிதியில் முன் சீட்டு வெள்ளைக்காரி திரும்பிப் பார்த்தாள்.

மால்டாவைப் பார்த்ததும் மாமாவுக்கு ஆச்சரியம். எங்கு பார்த்தாலும் மஞ்சள் கல், கல்லடுக்கிய வேலி, சப்பாத்திக்கள்ளி. "நம்ம ஊரு மாதிரியே காஞ்ச ஊருதான் போலக்குது. சுத்தி மட்டும் தண்ணிய ஊத்தி வெச்சிருக்கறாங்க" என்றார். படகைப் பார்த்ததும் இன்னும் ஆச்சரியம். அதன் பின்பகுதியில் பெரிய வட்டச் சக்கரம் ஒன்று நின்றது.

"அட, ஸ்டீரிங்கு! எங்க பழைய வண்டி சைசு" என்று சொல்லி, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு பையிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்தார். அந்த ஊர்ச் சந்தையில் நித்யாவை வாங்க வைத்தது. முதல் முதலாக எடுக்கும் வண்டிக்குச் சக்கரத்தின் அடியில் பழம் வைக்க வேண்டாமா?

"டயரு எங்கன்னு கேளு" என்றார் நித்யாவிடம். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டாள்.

ரீகன் சிரிக்கவில்லை. படகு கரைச் சுவரில் உரசாமல் இருக்கப் பக்கவாட்டில் ரப்பர் உருளைகள் தொங்கவிட்டிருந்தார்கள். அதைக் காட்டி, "இதுதான் மாமா டயரு. இதுக்கும் செவுத்துக்கும் நடுவுல வையுங்க" என்றான். மாமா குனிந்து வைத்தார். அலை ஒன்று வந்து படகைத் தள்ள, பழம் நசுங்கிச் சாறு சுவரில் தெறித்தது. மாமாவுக்குத் திருப்தி. மருமகனைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நித்யா என் கையைக் கிள்ளினாள்.

அந்தத் திருப்தி கரையோடு சரி. படகு நகர்ந்ததும், "பிரேக்கு எங்கன்னு கேளு" என்றார்.

"பிரேக்குன்னு ஒண்ணும் கெடையாது மாமா. பாயில காத்து ஏறாம விட்டுட்டா அதுவா நிக்கும்" என்றான் ரீகன்.

மாமாவின் முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. அதோடு இன்னொரு விபரீதம். பஸ்ஸில் டிரைவர் முன்னால், சனம் பின்னால். இங்கே ஓட்டுகிறவன் பின்னால் நிற்கிறான், மற்றவர்கள் அவன் கண் முன்னால். "இவனுக்கு மிரரே தேவையில்ல போலக்குது" என்று என்னிடம் முணுமுணுத்தார்.

கோமினோ என்ற குட்டித் தீவு, அதைத் தாண்டி கோசோ. குடைந்தெடுத்த மாதிரி பாறைக் குகைகள், அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரிகிற தண்ணீர். உள்ளே அடுப்பு ஊஞ்சல் மாதிரி தொங்கியதால், படகு எப்படி ஆடினாலும் நான் வைத்த ரசம் சிந்தவில்லை. நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். மாமா எதையும் பார்க்கவில்லை. ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ரீகன் எந்தக் கயிற்றை இழுக்கிறான், எதை விடுகிறான் என்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் மிதித்துக்கொண்டே இருந்தது. ஊரிலிருந்து அக்கா போன் செய்யும்போதெல்லாம் முதல் கேள்வி, "தூங்கினாரா?" என்பதுதான்.

வினை கோசோவிலிருந்து திரும்பும்போது வந்தது. இரண்டு தீவுக்கும் நடுவில் காற்று கொஞ்சம் பலமாக அடித்தது. பாய் புடைத்துக்கொண்டு படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பாய்மரப் படகு அப்படித்தான் ஓடும், கவிழாது என்று ரீகன் முதல் நாளே சொல்லியிருந்தான். நித்யா காலைத் தொங்கவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஆனால் மலைச்சாலையில் வண்டி சாய்ந்தால் என்ன அர்த்தம் என்பது மாமாவின் எலும்பில் இருந்தது. எதிரே லாரி, கார் எல்லாம் ஏற்றிக்கொண்டு ஒரு பெரிய கப்பல் வேறு வந்துகொண்டிருந்தது. இன்னொரு காற்று வந்து படகு இன்னும் சாய்ந்தபோது, மாமா, "வுடுடா கயித்த!" என்று கத்திக்கொண்டே எழுந்தார். பாயை இழுத்துப் பிடித்திருந்த கயிறு அவர் பக்கத்தில்தான் ஓர் இரும்பு உருளையில் சுற்றியிருந்தது. அதைப் பிடுங்கி அவிழ்த்துவிட்டார்.

பாய் தகரக் கொட்டகையில் இடி விழுந்த மாதிரி அடித்துக்கொண்டது. கயிற்றைப் பிடிக்கப் பாய்ந்த ரீகனின் கன்னத்தில் அதன் நுனி சாட்டையாக விழுந்தது. படகு ஓட்டம் நின்று, கப்பலின் வழியில் தள்ளாடியது. கப்பல் ஊதிய ஊதலில் நான் காதைப் பொத்திக்கொண்டேன். ரீகன் ஒரு கையால் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் இன்ஜினைக் கிளப்பிச் சக்கரத்தைச் சுற்றினான். கப்பல் எங்களைக் கடந்து போனது. அதன் அலையில் நாங்கள் நாலு பேரும் ஆடிக்கொண்டு நின்றோம்.

கன்னத்தில் சிவப்பாகக் கோடு எழும்பியிருந்தது. ரீகன் கத்தவில்லை. தணிந்த குரலில் கேட்டான்.

"மாமா, நீங்க மலையில ஓட்டயில ஒருத்தர் ஸ்டீரிங்ல கை வச்சாராமே. நித்யா சொல்லியிருக்கா. அவர என்ன செஞ்சீங்க?"

மாமா படகின் முன்முனைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார். அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததில்லை. அடி வாங்கியவன் ரீகன்தான், ஆனால் பார்ப்பதற்கு மாமாதான் அடி வாங்கியவர் மாதிரி இருந்தார்.

ஒரு வளைகுடாவில் நங்கூரம் போட்டோம். நித்யா உள்ளே போய், சாமான்களைப் பையில் திணிக்க ஆரம்பித்தாள். "போதும் சித்தி. நாளைக்கே கரைக்குப் போயிடலாம். அப்பாவ ஊருக்கு அனுப்பிடறன். எங்க வூட்டுக்காரரு மூஞ்சியப் பாருங்க. எத்தன வருசம் சித்தி இப்படி? இனிமே அவரு பொறுத்தாலும் நான் பொறுக்க மாட்டன்." நான் சோற்றைத் தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு மேலே போனேன். மாமா முன்முனையில் தனியாக உட்கார்ந்திருந்தார். தட்டை நீட்டினேன். "வேணாம், போ" என்றார். அந்த நேரம் பார்த்து அக்கா போன் செய்து, தூங்கினாரா என்று கேட்டாள்.

காலையில் நல்ல வெயில், அதே காற்று. நேராகத் துறைமுகம் போவதென்று முடிவாகியிருந்தது. ரீகன் நங்கூரத்தைத் தூக்கிப் பாயை ஏற்றினான். படகு மறுபடியும் சாய்ந்து ஓட ஆரம்பித்தது. முன்னாலிருந்த மாமா எழுந்து, கம்பியைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தார். தோளில் அவருடைய பச்சைத் துண்டு. சக்கரத்துக்கு முன்னால் வந்து நின்றார்.

"மாப்ள" என்றார்.

நித்யா நிமிர்ந்து பார்த்தாள். ரீகனும் சக்கரத்தைப் பிடித்தபடி அப்படியே நின்றான்.

"இந்த வண்டியில கடைசி சீட்டு எதுங்க?"

ரீகனுக்குக் கண் கலங்கியது. கன்னத்துக் கோடு இன்னும் ஆறவில்லை. அவன் காலடியை ஒட்டியிருந்த நீள இருக்கையைக் காட்டினான். "இதுதான் மாமா கடைசி. இங்கனயே படுங்க."

மாமா துண்டை என்னிடம் கொடுத்தார். மருமகனின் காலருகே தலை வைத்து, இருக்கை முடியும் இடத்திலிருந்த உள்ளறைச் சுவரை நோக்கிக் கால் நீட்டிப் படுத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

கொஞ்ச தூரம் போனோம். அவர் அசையவில்லை. காற்று பலத்து, படகு நேற்றைப் போலவே ஒரு பக்கம் நன்றாகச் சாய்ந்தது. அப்போதும் கண் திறக்கவில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. ரீகன் குனிந்து பார்த்துவிட்டு, "நித்யா, மாமா தூங்கிட்டாவ" என்று கிசுகிசுத்தான். அவன் முதுகு நிமிர்ந்துவிட்டது. சக்கரத்தைப் பச்சைக் குழந்தையைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக்கொண்டான். நித்யா துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பிறகு, "அம்மாவுக்கு அனுப்பணும்" என்று போனைத் தேடி எடுத்தாள்.

நான் எதிர் இருக்கையில் இருந்தேன். அங்கிருந்து எனக்கு அவருடைய பாதங்கள் தெரிந்தன. இடது கால் சும்மா கிடந்தது. வலது கால் ஒவ்வொரு அலைக்கும் அந்தச் சுவரை அழுத்திக்கொண்டிருந்தது. சின்ன அலையென்றால் பாதி, பெரிய அலையென்றால் முழு மிதி. கட்டைவிரல் வெளுத்துப் போயிருந்தது.

நித்யா போனைத் தூக்கினாள். நான் எழுந்து, காற்று குளிராக அடிக்கிறது என்று யாரும் கேட்காமலே சொல்லிக்கொண்டு, பச்சைத் துண்டை விரித்து அவர் பாதங்களை மூடினேன். நாலு பக்கமும் செருகிவிடக் குனிந்தபோது, உதடு அசையாமல் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி குரல் வந்தது.

"தொந்தரவு பண்ணாத போ சின்னவளே. நான் தூங்கறன்."